உச்சியில் வைத்த எண்ணெய்

செங்கம்மாளுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஜீவனோடுதான் பகை. அது கொசு. பாம்பைக் கண்டால்கூட, "போடியம்மா, உன் வழியப் பாத்துக்கினு போ" என்று கும்பிட்டு ஒதுங்குகிறவள், காதோரம் ஒரு கொசு பாடினால் எழுந்து விளக்கைத் தூண்டி, அதைத் தேடி அடித்துவிட்டுத்தான் மறுபடி தலையைச் சாய்ப்பாள். "ஒன்ன அடிச்சிட்டா ஏரிக்கொசு எல்லாம் தீந்துபூடுமா?" என்று அவள் புருஷன் சுப்பராயன் கேலி பேசுவான். அவள் சிரிக்கமாட்டாள். இரண்டு பிள்ளைகளைக் கொசுவுக்குக் கொடுத்தவளுக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்?

சுண்ணாம்புக்குளத்துக்குக் கிழக்கே, பழவேற்காட்டு ஏரியை ஒட்டி அவர்கள் குப்பம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் குடிசைக்கு முன்னாலும் தண்ணீர், பின்னாலும் தண்ணீர். அந்த மாதிரி ஒரு மழையில்தான் மூத்த பையன் குளிர் காய்ச்சலில் போனான். மறு வருஷமே பெண்ணும் போனாள். பட்ட காலிலேதானே படும். இரண்டாவது சாவுக்கு அப்புறம் சுவருக்கு மருந்தடிக்க வந்த மலேரியா ஆபீஸ்காரர், "எல்லாம் கொசுவால வர்றதும்மா" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அதுவரை தெய்வக் குத்தம், கண்ணேறு என்று எதையெதையோ நொந்துகொண்டிருந்தவளுக்கு எதிரி யாரென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து வேப்பிலைப் புகை, நொச்சிப் புகை, சாணிப் புகை என்று போட்டுப் போட்டு வீட்டிலிருப்பவர்கள் இருமிச் செத்தார்களே தவிர, கொசு சாகவில்லை.

கும்மிடிப்பூண்டியில் கொசு எண்ணெய்க் கம்பெனி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டபோது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். எழுபத்து மூன்றாம் வருஷம் அது. இன்றைக்கு இரும்பும் ரசாயனமுமாகப் புகைகிற இடத்தில் அப்போது சவுக்குத் தோப்பும் முள்ளுக்காடும்தான். மெயின் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை, நாலைந்து பீப்பாய், ஒரு மெஷின், இவ்வளவுதான் கம்பெனி. உடம்பில் பூசிக்கொண்டால் கொசு கிட்டே வராது என்று அங்கே ஒரு எண்ணெய் தயாராகிறதாம். அந்த வருஷம் முகத்துவாரம் மண் மூடி, ஏரியில் மீன்வரத்து குறைந்து, சுப்பராயன் வெறும் வலையோடு திரும்பிக்கொண்டிருந்த நேரம். வேலை கேட்டு பஸ் ஏறிப் போனாள். கூலியை அவள் விசாரிக்கவே இல்லை. "அத பூசிக்கினா நெஜமாவே கடிக்காதா?" என்று கேட்டாளாம். ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்த ஜோசப் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அவளுக்குக் கிடைத்த வேலை முயல் கொட்டகையில். கம்பெனிக்குப் பின்பக்கம் இரண்டு அறை. இரண்டிலும் வரிசையாகக் கம்பிக் கூண்டுகள், கூண்டுக்கு ஒரு வெள்ளை முயல். எண்ணெயை ஜனங்களுக்கு விற்பதற்கு முன்னால் அது தோலுக்கும் உடம்புக்கும் ஆகுமா, விஷமா என்று முயல்மேல் தடவிப் பார்க்க வேண்டும். அதற்கென்று மெட்ராஸிலிருந்து துளசிராமன் என்பவர் வந்திருந்தார். காலேஜில் விலங்கியல் படித்துவிட்டு நேரே வந்தவர், அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர். முயலின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு மயிரைச் சிரைத்துவிட்டு, கண்ணாடிக் குழாயால் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுவார். அது தோலில் ஊறும்வரை முயலை அசையாமல் யாராவது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். விட்டால் திரும்பி நக்கிவிடும். நக்கிவிட்டால் சோதனையே பாழ்.

ஆம்பளைகள் பிடித்தால் முயல் உதைத்துக் கையைக் கிழித்தது. செங்கம்மாள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சேலைத் தலைப்பை மடியில் விரித்து, அதில் முயலை வைத்துக் காதை மெல்ல நீவிவிடுவாள். அவ்வளவுதான், அது கண்ணைச் செருகிக்கொண்டு படுத்துக்கொள்ளும். "இன்னாம்மா மந்திரம் போடற?" என்று துளசிராமன் ஆச்சரியப்பட்டார். மந்திரம் ஒன்றும் இல்லை. இரண்டு பிள்ளைகளைப் போட்டுத் தாலாட்டிய மடி வெறுமனே கிடந்தது, அவ்வளவுதான்.

முதல் அறை அவள் பொறுப்பு. இரண்டாவது அறையைக் கலியன் என்ற ஆள் பார்த்துக்கொண்டான். அந்தக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். பொம்பளைக்கு அங்கே வேலையில்லை என்று சொல்லியிருந்தார்கள், அவளும் எட்டிப் பார்த்ததில்லை. தன் அறை முயல்களுக்கு மட்டும் பெயர் வைத்தாள். ஒன்று பட்டு, ஒன்று சீமாட்டி, இன்னொன்று ஓயாமல் தின்பதால் பண்டாரம். தினமும் எண்ணெய் தடவியும் எல்லாம் கொழுகொழுவென்று இருந்தன, சிரைத்த இடத்தில் மயிர் பளபளவென்று முளைத்தது. கலியன் அவளைப் பார்க்கும்போதெல்லாம், "ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தா தன் புள்ள தானா வளரும்பாங்க. ஒனக்கு ஒன்னு பொறக்கும் பாரேன்" என்பான். நல்ல மனசோடுதான் சொன்னான். அந்தப் பழமொழியை முதலில் சொன்னவன் யாரென்று தெரிந்தால் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்கு இருக்கிறது.

பிறக்கத்தான் செய்தது. பெண் குழந்தை. பிள்ளைகள் தங்காமல் சாகிற வீட்டில் செய்வதையெல்லாம் செய்தார்கள். சுப்பராயனின் தங்கை பச்சையம்மா குழந்தையை முறத்தில் வைத்துக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் போட்டுப் புரட்டி எடுத்து வந்து, வாசலில் நின்று கத்தினாள்: "யாரோ குப்பையில போட்டுட்டுப் போன கொயந்த இது! வேணும்னா சொல்லு அண்ணி, இல்லாட்டி நானே எடுத்துக்கினு போறேன்!"

"ஒரு படி தவுடு தரேன், குட்த்துடு" என்று செங்கம்மாள் தவிட்டை அளந்து போட்டு வாங்கிக்கொண்டாள். மூக்குக் குத்தி, குப்பம்மாள் என்று பெயர் வைத்தார்கள். எமன் வந்து பார்த்தால், சீ, குப்பை என்று முகம் சுளித்துக்கொண்டு போய்விட வேண்டும். அதுதான் ஏற்பாடு.

ஆனால் கொசுவுக்குப் பெயர் தெரியாதே. மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. குழந்தையைப் பச்சையம்மாவிடம் விட்டுவிட்டு செங்கம்மாள் வேலைக்குத் திரும்பியிருந்தாள். ஒருநாள் ஸ்டோரில் போய் நின்றாள். அந்த எண்ணெய் அங்கே யாருக்கும் புதிதில்லை. வாட்ச்மேன், மெஷின்காரன், ஜோசப் எல்லோரும் சாயங்காலமானால் கைகாலில் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆனதில்லை.

"கொயந்தைக்குப் பூசலாமாண்ணா?"

"எனுக்கு இன்னா தெரியும்? நீதான தெனம் மொயலுக்குத் தடவற, நீயே சொல்லேன்" என்றார் ஜோசப்.

அவள் சொல்லிக்கொண்டாள். பட்டுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சீமாட்டி குட்டியாட்டம் துள்ளுகிறது. பண்டாரத்தைக் கேட்கவே வேண்டாம். நாள் தவறாமல் இந்தக் கையாலேயே பிடித்துக்கொண்டிருந்தது பொய்யா? நிறம் அதே, வாசனையும் அதே. ஜோசப் ஒரு பழைய டானிக் பாட்டில் நிறைய ஊற்றிக் கொடுத்தார். புடவைக்குள் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் அது சிந்தாமல் பிடித்தபடி வந்தாள்.

பட்டணத்துத் தாயாக இருந்தால் கையிலும் காலிலும் துளி தொட்டுப் பூசியிருப்பாள். நம் பக்கத்து வழக்கம் அப்படியில்லை. கைக்குழந்தைக்கு எண்ணெய் என்றால், காலை நீட்டி அதில் குழந்தையைப் போட்டு, தலையிலிருந்து பாதம்வரை வழித்து நீவி, மூட்டுமூட்டாகத் தேய்த்து, கடைசியில் உச்சிக்குழியில் உள்ளங்கை எண்ணெயை வைத்து அழுத்தி ஊறவிட வேண்டும். உச்சி குளிர்ந்தால்தான் குழந்தை தேறும். எந்தத் தாயும் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை இதை. செங்கம்மாளும் அப்படியே செய்தாள். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு தடவை, திரும்பி வந்து ஒரு தடவை. அந்த மெல்லிய குழி விரலடியில் துடிப்பதைத் தொட்டுப் பார்த்தபடி, "ஒரு கொசு கிட்ட வரட்டும் பாக்கலாம்" என்பாள்.

வரவில்லைதான். அடைமழையில் குப்பமே கொசுக்கடியில் பேஜாராகிக் கிடந்தபோது குப்பம்மாள் உடம்பில் ஒரு தடிப்பு இல்லை. செங்கம்மாளுக்குப் பெருமை பிடிபடவில்லை. குழந்தை முன்னைவிட அதிகமாகத் தூங்கியது. பாலுக்குக்கூட எழுப்ப வேண்டியிருந்தது. கடி இல்லாவிட்டால் தூங்காமல் என்ன செய்யும் என்றாள். தூக்கத்தில் உதடு கோணி, விரல் வெட்டிவெட்டி இழுத்தது.

"அண்ணி, கொயந்த ஒதறுது பாரு."

"நரி வெரட்டுதுடி. எல்லாக் கொயந்தைக்கும் வர்றதுதான்."

தூக்கத்தில் குழந்தை சிணுங்கினாலும் சிரித்தாலும் நரி விரட்டுகிறது என்று சொல்கிற ஊர் நம்முடையது. அந்த நரியை நம்பி எத்தனை வீடு ஏமாந்ததோ.

அன்றைக்கு மழை விட்டிருந்தது. செங்கம்மாள் எண்ணெய் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அவள் போன கொஞ்ச நேரத்தில் குழந்தைக்குத் தலை ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. கண் மேலே செருக, கைகாலெல்லாம் நீந்துவதுபோல் அடித்துக்கொண்டது. நின்றது, மறுபடி வந்தது. பச்சையம்மா அலறிக்கொண்டு தூக்கினாள். சுப்பராயன் ஏரியில் இருந்தான். கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் கம்பெனி வாசல் வழியாகத்தான் போகும். பச்சையம்மா கண்டக்டரைக் கெஞ்சி அங்கே நிறுத்தச் சொன்னாள். அண்ணியைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம், பெத்தவள் பக்கத்தில் இருக்கட்டும் என்பது அவள் எண்ணம்.

வாட்ச்மேன் ஓடிவந்து கொட்டகை வாசலில் நின்றான். "செங்கம்மா, ஒன்னத் தேடிக்கினு உங்க ஊட்லர்ந்து வந்துக்கிறாங்க."

செங்கம்மாள் மடியில் சீமாட்டி. அப்போதுதான் எண்ணெய் விட்டிருந்தார்கள், இன்னும் ஊறவில்லை. பச்சையம்மா சந்தைக்கு வந்தால் இப்படிக் கேட்டில் நின்று கூப்பிடுவது வழக்கம்தான். "இதோ வரேன்னு சொல்லுண்ணா. எண்ணெ காயட்டும், விட்டா நக்கிடும்" என்றாள். காதை நீவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வேலையில் அவ்வளவு சுத்தம்.

எண்ணெய் ஊறியபின் முயலைக் கூண்டில் விட்டு, கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். பஸ் போகாமல் நின்றிருந்தது. ஜனங்கள் இறங்கி நின்றார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்திருந்த பச்சையம்மா நிமிர்ந்து பார்த்தாள். குழந்தை அவள் மடியில் இருந்தது. கைகால் அடித்துக்கொள்வது நின்றிருந்தது.

"இப்பத்தான் அண்ணி," என்றாள். "இப்பத்தான் அடங்கிச்சி."

ஜன்னி என்றார்கள் ஆஸ்பத்திரியில். மூன்றாவதும் போன பிறகு ஊரில் என்ன சொல்வார்கள்? விதி என்றார்கள். குப்பைக்குக்கூட ஆகாத ராசி என்று ஒருத்தி சொன்னது செங்கம்மாள் காதிலும் விழுந்தது. சுப்பராயன் குடித்துவிட்டு ஏரிக்கரையில் விழுந்து கிடந்தான். அவள் அழுதாள், கொசு அடிப்பதை விட்டாள். உடம்பில் உட்கார்ந்தால் உட்காரட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனாலும் ஒன்றை மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்: "கொசுவால போவல. அத நான் காப்பாத்தினேன்." அதில் ஒரு ஆறுதல் அவளுக்கு. அந்த ஆறுதலையாவது அவளுக்கு விட்டு வைத்திருக்கலாம்.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினாள். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றுதான் வந்தாள். தை பிறந்து கொஞ்ச நாளில், கலியன் வேலைக்கு வரவில்லை. துளசிராமனுக்குக் கை ஓடவில்லை. "செங்கம்மா, இன்னைக்கு ஒருநாள் அந்த ரூமுக்கு வந்து பிடிச்சுக் குடு" என்றார்.

இரண்டாவது அறையின் கதவைத் திறந்ததும் அதே எண்ணெய் வாசனைதான் வந்தது. ஆனால் அங்கே சத்தம் இல்லை. அவள் அறையில் கம்பியைக் கடிக்கிற சத்தமும் தாவுகிற சத்தமும் ஓயாது. இங்கே முயல்கள் தூங்கி வழிந்துகொண்டிருந்தன. முதுகெல்லாம் சிவந்து தோல் உரிந்திருந்தது. மூலைக்கூண்டில் ஒன்றுக்கு முன்னங்கால் வெட்டிவெட்டி இழுத்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் தலை ஒரு பக்கமாகத் திரும்பியது. கண் செருகியது. நாலு காலும் நீந்துவதுபோல் அடித்துக்கொண்டன.

பச்சையம்மா வாய் ஓயாமல் சொல்லிச் சொல்லி அழுதது அப்படியே கண்முன்னால் நடந்தது.

"இதுக்கு இன்னா சார்?"

"மருந்துதான். கூடுதலா வச்சா எவ்வளவு தாங்குதுன்னு பாக்கறோம். அதுக்குத்தானே இந்த ரூம்."

"அப்போ என் ரூம்பு?"

"உன் ரூம்ல மருந்து இல்லாத எண்ணெய்மா. வாசனை, கலர் எல்லாம் ஒண்ணுதான், மருந்து மட்டும் சேக்கல. எது மருந்தால வந்தது, எது எண்ணெயால வந்ததுன்னு தெரியணும் இல்லையா? ஒப்பிட்டுப் பாக்கத்தான்."

"மொதல்லேந்தா?"

"முதல்லேருந்தே."

அவள் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஸ்டோர்ல டிரம்முல கீறது?"

"அது மருந்து கலந்தது. விக்கறதுக்கு வச்சிருக்கறது. ஏன்?" என்று திரும்பியவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டார். அவருக்கு விளங்க நேரமாகவில்லை. கையிலிருந்த கண்ணாடிக் குழாயைக் கீழே வைத்தார். "எங்கம்மா பூசின?" என்று கேட்டார்.

செங்கம்மாள் தன் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்துக் காட்டினாள்.

துளசிராமன் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சொல்லியிருக்கலாம். எந்த அறையில் என்ன நடக்கிறது என்று ஒரே ஒரு வார்த்தை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லக்கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. கூண்டு கழுவுகிறவளுக்கு எதற்கு என்று தோன்றியது, அவ்வளவுதான். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கும் திட்டுவதற்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்போ பட்டுக்கும் சீமாட்டிக்கும் வெறும் எண்ணெ," என்றாள் செங்கம்மாள், தனக்குத்தானே கணக்குச் சொல்லிக்கொள்வதுபோல. "மருந்து எம்புள்ளைக்கு."

அவள் கத்துவாள், கல்லெடுத்து அடிப்பாள், ஊரைக் கூட்டுவாள் என்று அவர் பயந்திருக்க வேண்டும். அவள் அதொன்றும் செய்யவில்லை. மூலைக்கூண்டைத் திறந்தாள். துடித்துக்கொண்டிருந்த முயலை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்து, தரையில் உட்கார்ந்து, தலைப்பை விரித்து மடியில் வைத்துக்கொண்டாள். அது கால்களை அடித்து அவள் கையைக் கீறியது. ரத்தம் வந்தது. காதை நீவிக்கொண்டே இருந்தாள். வெளியே சாயங்கால பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று.

கம்பெனிக்காரர்கள் அப்புறம் எண்ணெயில் மருந்தைக் குறைத்தார்கள். பாட்டில்மேல் பொடி எழுத்தில் 'கைக்குழந்தைகளுக்குப் பூசக்கூடாது' என்று ஒரு வரி வந்தது. அதற்காகத் துளசிராமன் முதலாளியோடு சண்டை போட்டதாக ஜோசப் சொன்னார். அந்த வரியை ஜோசப்தான் அவளுக்குப் படித்துக் காட்டினார், அழுதுகொண்டே.

"உச்சியில வெக்காதேன்னு போட்டுக்கீதாண்ணா?"

"இல்லம்மா."

"போட்டாலும் எங்க குப்பத்துல யாரு படிக்கப் போறா" என்றாள். அதற்குப் பிறகு சுண்ணாம்புக்குளத்துப் பக்கம் எங்கே குழந்தை பிறந்தாலும் அழையாத விருந்தாளியாகப் போய் நின்றாள். மூன்றைத் தின்றவள் வந்து நிற்கிறாளே என்று சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். அந்த எண்ணெயைக் குழந்தை உச்சியில் வைக்காதீர்கள் என்று கதவுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டு வருவாள். தான் செய்ததை அவள் யாரிடமும் மறைக்கவில்லை, சுப்பராயனிடமும். அவன் கேட்டுவிட்டு எழுந்து போய், படகில் ஏறி உட்கார்ந்துகொண்டான். இருட்டிய பிறகு வந்து, சோறு போடு என்றான். அதோடு சரி, அந்தப் பேச்சை அவர்கள் எடுக்கவே இல்லை.

வேலையை விட்டுவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளோ துளசிராமனிடம் போய், தன்னை இரண்டாவது அறைக்கு மாற்றச் சொன்னாள்.

"வேணாம்மா, உன்னால பாக்க முடியாது."

"கலியன் கூண்டத் தொடச்சிட்டுப் போயிடறான் சார். வலிப்பு வந்து இழுக்கறப்ப ஒருத்தரும் மடியில எடுத்து வெச்சிக்கறதில்ல."

சோதனை நடந்தவரை, அப்புறம் எழுபத்தேழில் அந்தக் கொட்டகையையே மூடும்வரை, அவள் அங்கேதான் இருந்தாள். அந்த அறை முயல்களுக்கு அவள் பெயர் வைக்கவில்லை. எதற்கு வலிப்பு வந்தாலும் எடுத்து மடியில் போட்டுக்கொள்வாள். அந்த நேரத்தில் வாட்ச்மேன் வந்து கூப்பிட்டாலும், முதலாளியே வந்து நின்றாலும், கடைசி பஸ்ஸே போனாலும் எழுந்திருக்க மாட்டாள். அடங்குகிறவரை உட்கார்ந்திருந்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வருவாள்.